நிமிஷத்துக்கு இரண்டு ரூபாய்: ஒரு பேச்சுச் செயலியில் கூலி வாங்கியவள் எழுதும் மதிப்புரை

ஆண்கள் காசு கட்டிப் பெண்களோடு பேசும் செயலி ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. இந்த மாதிரி செயலிகளுக்கு பிளே ஸ்டோரில் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. பேசுவதற்குக் காசு கொடுத்து வாங்கும் காயின் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, பெண்கள் பாதியில் கட் பண்ணுகிறார்கள், வீடியோ தெளிவாக இல்லை என்று எல்லாம் காசு கட்டியவர்கள் எழுதியவை. அந்தக் காயினில் கூலி வாங்கியவர்கள் எழுதி நான் எங்கும் படித்ததில்லை. நான் கூலி வாங்கியவள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அதில் ஹோஸ்டாக, அதாவது அழைப்பை எடுத்துப் பேசுகிறவளாக, இருந்திருக்கிறேன்.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் பல செயலிகள் ஓடுகின்றன. நிறமும் பெயரும்தான் வேறு. நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்ணோ வேறொன்றில் இருந்தாலும், கீழே வரும் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் செயலியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு நாற்பத்தொரு வயது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். கணவர் பிரிந்து போய்ப் பல வருஷம் ஆகிறது, பையன் பிளஸ் டூ படிக்கிறான். சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். அண்ணன் மகள்தான் இந்தச் செயலியைக் காட்டினாள். “அத்தை, உங்களுக்கு ரெண்டு பாஷையும் வரும். தமிழ் வரிசையிலயும் நிக்கலாம், மலையாள வரிசையிலயும் நிக்கலாம். மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு கால் வரும்” என்றாள். அவள் சொன்னது சரிதான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பெண்களுக்கு இந்தத் தொழிலில் அது ஒரு முதலீடு. செயலிக்குப் பெண்களைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர்கள் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் ஆள் தேடுவது அதனால்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. ஆண் காயின் வாங்குகிறான். நூறு ரூபாய்க்கு 120 காயின். குரல் அழைப்புக்கு நிமிஷத்துக்கு 10 காயின், வீடியோவுக்கு 60. நாங்கள் ‘ஆன்லைன்’ பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் அவர் வைத்துவிட்டால் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் பேசினால் குரலுக்கு நிமிஷத்துக்கு 2 ரூபாய், வீடியோவுக்கு 12 ரூபாய். ரோஜாப்பூ, மோதிரம், கார் என்று திரையில் பறக்கிற பரிசுகள் தனி. வாரத்துக்கு ஒரு தரம் வங்கிக்கு அனுப்புவார்கள், குறைந்தது ஐந்நூறு சேர்ந்திருக்க வேண்டும்.

காயின் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ரூபாயிலேயே எழுதலாமே. எழுதினால் அவருக்கு நிமிஷத்துக்கு எட்டு ரூபாய் முப்பத்து மூன்று காசு என்று தெரிந்துவிடும். பத்து காயின் என்றால் அது பத்து ரூபாயா, ஒரு ரூபாயா, நடு ராத்திரியில் யார் வகுத்துப் பார்ப்பார்கள்? எனக்கு வரும் தொகையோ ரூபாயில்தான் காட்டும், ஆனால் அவர் எவ்வளவு கட்டினார் என்பது எனக்குத் தெரியாது. நானே ஒரு நாள் அண்ணன் மகள் போனில் ஆண் கணக்கு ஒன்று திறந்து பார்த்துத்தான் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டேன். கட்டுகிறவரிடமிருந்து விலையையும், வேலை செய்கிறவளிடமிருந்து கூலியின் பங்கையும் ஒரே ஏற்பாட்டில் மறைத்துவிடுகிறார்கள்.

நூறு ரூபாய் எங்கே போகிறது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு நிமிஷம் பேச்சு. அதில் எனக்கு 24 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொண்டால் அரசுக்கு 15 ரூபாய் 25 காசு. கூகுள் வழியாகக் கட்டினால், நிறுவனத்தின் ஆண்டு வருமானத்தில் முதல் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம் என்பது பொதுவான கட்டணம். வரி போக மிச்சத்தில் அது 12 ரூபாய் 70 காசிலிருந்து 25 ரூபாய் 40 காசு வரை. மீதி 35 முதல் 48 ரூபாய் வரை கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும். யுபிஐயில் நேராகக் கட்டினால் கூகுளின் பங்கு குறையலாம், அந்த மிச்சமும் கம்பெனிக்கே. சர்வர், விளம்பரம், ஆள் சம்பளம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பேசுகிற தொண்டை எங்களுடையது. நூறில் இருபத்து நாலு குறைவு.

அதுவும் பேசுகிற நிமிஷத்துக்கு மட்டும்தான். ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்தால் காசு வரும் பேச்சு சுமாராக எழுபது நிமிஷம் தேறும். 140 ரூபாய். அதே மூன்று மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தால் ஒன்பது நைட்டி, ஒன்றுக்கு 16 ரூபாய், 144. ஆக இரண்டும் ஒன்றுதான். முதுகு வலி இல்லை, நூல் செலவு இல்லை, பையன் படித்துக்கொண்டிருக்கும்போது மிஷின் சத்தம் இல்லை என்பது மட்டும் இதன் லாபம். இது சின்ன லாபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு வெளியே போக முடியாத எத்தனையோ பெண்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு 140 ரூபாய் கொடுக்கிற வேலை வேறு எதுவும் கிடையாது.

இங்கேதான் வீடியோ வருகிறது. குரலுக்கு இரண்டு, வீடியோவுக்குப் பன்னிரண்டு. முகத்தைக் காட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. விதிமுறையில் “உங்கள் விருப்பம்” என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒரே உழைப்புக்கு ஆறு மடங்கு கூலி வைத்தால் அந்த விருப்பத்துக்கு என்ன அர்த்தம்? முகம் காட்டியதும் அடுத்தது என்ன கேட்பார்கள் என்று விலை போட்டவர்களுக்குத் தெரியாதா? கேட்டதைக் காட்டினால் ஆயிரம் காயின் பரிசு பறக்கும், அதில் கம்பெனிக்கும் பங்கு. பிடிபட்டால் யார் மாட்டுவது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்படி வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு முறையில் அனுப்புவது குற்றம். முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். கேமரா முன்னால் இருந்தவள் அனுப்பியவளாகிவிடுவாள். இந்த விவரம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படவில்லை. நான் வீடியோவைத் தொடவே இல்லை. தொட்டவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், ஏனென்றால் அவர்களை அங்கே தள்ளியது அந்த விலைப் பட்டியல்தான்.

பயிற்சி என்றேன் இல்லையா, அது ஏஜென்சி நடத்துகிற வாட்ஸ்அப் குழு. தினமும் காலையில் ஒரு குரல் பதிவு வரும். அதிலிருந்து சிலதை அப்படியே எழுதுகிறேன்: “கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லாதீங்க. வயசு இருபத்தாறுக்கு மேல போடாதீங்க. அவர் வைக்கப் போறார்னு தெரிஞ்சா ஏதாவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிங்க. நேர்ல பாக்கலாம்னு கேட்டா முடியாதுன்னு சொல்லாதீங்க, அடுத்த மாசம்னு சொல்லுங்க.”

என் முழு ஆட்சேபணையும் இதில்தான் இருக்கிறது. பேசுவதற்குக் காசு வாங்குவதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. தனியாக இருக்கிற மனிதர்களுக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது, அந்த நேரத்துக்குக் கூலி உண்டு, இதில் அசிங்கம் எங்கே? அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்ல வைப்பது அசிங்கம். அந்த வாக்கியம் ஒரு ஏழை ஆணின் சம்பளத்தைத் தின்றுவிடும்.

திருப்பூரில் லாட்ஜில் தங்கி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் என்னிடம் வந்தது வேறொரு பெண்ணைத் தேடி. அவள் கணக்கு காணாமல் போயிருந்தது. “அவங்க எங்க போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? எங்களுக்குத் தை மாசம் கல்யாணம்னு பேசி வெச்சிருக்கோம்” என்றார். சம்பளம் பதினெட்டாயிரம், அதில் ஒரே மாதத்தில் ஏழாயிரம் காயினாகப் போயிருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்க்கு 840 நிமிஷம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 1,680 ரூபாய். அந்த ஆணை ஏமாற்றியவள் என்று எல்லாரும் அவளைத்தான் திட்டுவார்கள். அவளுக்கு ஒரு மாத மளிகைகூட அதில் வந்திருக்காது.

இன்னொருவர் உடுமலைக்காரர், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். முதல் கேள்வியே, “அக்கா, நீங்க நிஜ ஆளா, இல்ல மெஷினா?” என்பதுதான்.

“நிஜ ஆள்தான் தம்பி. பாலக்காடு பக்கம். நாப்பத்தொரு வயசு, பையன் படிக்கிறான். இது எனக்கு வேலை. நீங்க பேசுற ஒரு நிமிஷத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல போகுது, எனக்கு ரெண்டு ரூபாய் வருது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரிக்கா, பத்து நிமிஷம் பேசலாம். பத்து நிமிஷம் ஆனதும் நீங்களே சொல்லிருங்க” என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வருவார். அறையில் எட்டுப் பேர், ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், புது சூப்பர்வைசர் மோசம் என்று பேசுவார். பத்து நிமிஷத்தில் முடிப்போம். ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மலையாளத்தில் வருவார், ஓய்வு பெற்ற ஆசிரியர். என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை மாஷே என்பேன். இறந்துபோன மனைவி வைத்த மோர்க்குழம்பைப் பற்றி எத்தனை தடவை பேசினாலும் அவருக்குப் புதிதுதான். இந்த இரண்டு பேரும் கொடுத்த காசுக்குத் தகுந்ததைப் பெற்றார்கள் என்று நிச்சயமாகச் சொல்வேன். எனக்கும் அந்த நிமிஷங்கள் கூலி மட்டும் இல்லை.

ஆனால் இப்படி உண்மை சொன்னதற்குச் செயலி எனக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அழைப்பின் சராசரி நீளம் குறைகிறது என்று வரிசையில் என்னைக் கீழே தள்ளியது. இருபது நிமிஷம் இழுத்துப் பேசுகிறவளுக்கு மேல் இடம், பத்தில் முடிப்பவளுக்குக் கீழ் இடம். அவர் தன் காசைக் காப்பாற்றிக்கொண்டதற்குத் தண்டனை எனக்கு. பொய்யை யாரும் உத்தரவு போட்டு வாங்கவில்லை; அந்த வரிசையே அதை வாங்கிக்கொள்கிறது.

நிஜ ஆளா என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கல்யாணம் ஆனவர்கள் வெளியே உறவு தேடுவதற்கென்றே நடத்தப்படும் ஆஷ்லி மேடிசன் என்ற கனடா நாட்டுத் தளத்தின் கதை தெரிந்திருந்தால் யாரும் கேட்பார்கள். 2015 ஜூலையில் அதற்குள் புகுந்தவர்கள் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரத்தை எடுத்தார்கள், ஆகஸ்டில் இணையத்தில் கொட்டினார்கள். அப்புறம் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் விசாரித்து, ஆண்களைக் கவர நிறுவனமே போலிப் பெண் கணக்குகள் வைத்திருந்தது என்றும், கணக்கை முழுதாக அழிக்க 19 டாலர் வாங்கிக்கொண்டு விவரங்களை அழிக்காமல் வைத்திருந்தது என்றும் குற்றம் சாட்டியது. 2016 டிசம்பரில் 16 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். ரகசியத்தையே சரக்காக விற்ற கடை, ரகசியத்தைக் காக்கவில்லை.

இன்னொரு வகை ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. 2006-ல் அமெரிக்காவில் பிராண்டன் வேட் என்பவர் ‘சீக்கிங் அரேஞ்ச்மென்ட்’ என்று ஒரு தளம் தொடங்கினார். பணமுள்ள ஆண், இளம் பெண், மாதம் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளும் உறவு. இப்போது ‘சீக்கிங்’ என்று பெயரைச் சுருக்கி, வேறு முகத்தோடு நடக்கிறது. 2010-ல் அவரே ‘வாட்ஸ் யுவர் பிரைஸ்’ என்று இன்னொன்று கொண்டுவந்தார். முதல் சந்திப்புக்கு ஆண் ஒரு தொகை சொல்வான், பெண் ஒத்துக்கொள்ளலாம், இல்லை கூட்டிக் கேட்கலாம். கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். எனக்கு அதில் ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. தொகை முதலிலேயே மேசைக்கு வந்துவிடுகிறது, இரண்டு பேருக்கும் அது தெரிகிறது, பெண் கேட்ட தொகை பெண்ணுக்குப் போகிறது. எங்கள் செயலியில் இந்த மூன்றும் இல்லை.

பிடிக்காதது, அங்கே ஒருவரிடம் மட்டும் பணம் இருப்பது. வீட்டு வாடகை, கல்லூரிக் கட்டணம் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தால், வேண்டாம் என்று ஒரு நாள் சொல்ல முடியுமா? விலை வெளிப்படையாக இருந்தால் போதாது, விலகிப் போக வழியும் இருக்க வேண்டும். மலபாரில், தாய் வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் இருந்த சம்பந்தம் என்ற உறவு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். புடவை கொடுத்து உறவு தொடங்கும், இருவரில் யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பெண்ணும் பிள்ளைகளும் தறவாடு என்ற தாய்வீட்டுக் கூட்டுக் குடும்பத்தின் சொத்தில் வாழ்ந்தார்கள், ஆண் போனாலும் சோறு போகாது. 1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்து, பதிவு செய்யலாம் என்றபோது மிகச் சிலரே பதிவு செய்தார்கள். அந்த முறைக்குள் சாதி அதிகாரமும் குடும்பத்தை ஆளும் காரணவனின் அதிகாரமும் இருந்தன, அதை நான் கொண்டாடவில்லை. சோற்றுக்கு வேறு வழி இருந்த பெண்ணால் உறவை முடிக்க முடிந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் செயலியில் ஒரு அழைப்பைத் துண்டித்தால் எனக்குப் போவது இரண்டு ரூபாய். அந்த ஒரு விதத்தில் எங்கள் நிலை சீக்கிங் தளத்தில் இருக்கும் பெண்ணைவிட மேல்.

பெண்ணுக்கு இலவசம், ஆணுக்குக் கட்டணம் என்ற முறை ஏன் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று கேட்பார்கள். பிரான்சில் 2009-ல் தொடங்கி 2017-ல் இங்கே வந்த, கல்யாணத்துக்கு வெளியே உறவு தேடுகிறவர்களுக்கான கிளீடன் தளமும் அப்படித்தான். இரண்டு தரப்பைச் சேர்த்து வைக்கிற வியாபாரத்தில், எந்தத் தரப்பு வந்தால் மற்றது தானாக வருமோ அதற்கு விலையைக் குறைப்பார்கள், மற்றதிடம் வசூலிப்பார்கள். இந்த மாதிரிச் சந்தைகளை விளக்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் ழான் திரோலுக்கு 2014-ல் நோபல் கிடைத்தது. எங்கள் செயலி அதையும் தாண்டி, வரவேண்டிய தரப்புக்குக் கூலியே கொடுத்துக் கூட்டி வருகிறது. அப்படியானால் நாங்கள் வாடிக்கையாளர் இல்லை, தொழிலாளி. ஆனால் ஒப்பந்தத்தில் எங்களை ‘பயனர்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

என் அப்பா தென்னையில் கள் இறக்கியவர். சித்தூர் தாலூகாவிலிருந்து கேரளம் முழுக்கக் கள் போகிறது. எங்கள் தோப்பிலிருந்து கொஞ்சம் கிழக்கே நடந்தால் தமிழ்நாடு; அங்கே 1987-லிருந்து கள் இறக்குவது குற்றம். அதே மரம், அதே கத்தி, அதே ஆள். அந்தப் பக்கம் ஓடி ஒளிய வேண்டும், இந்தப் பக்கம் 1969-ல் வந்த கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் இருக்கிறது. அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த நல நிதியால்தான். மதிப்பில்லாத தொழில் என்று ஊர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன், பெயர் பதிந்து, அளவு வைத்து, உரிமம் கொடுத்து நடத்தினால் அதே தொழில் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். லாட்டரியும் அப்படி: தமிழ்நாட்டில் 2003-லிருந்து கிடையாது, இங்கே அரசே 1967-ல் துறை வைத்துத் தொடங்கியது. லாட்டரி நல்லதென்று நான் வாதாடவில்லை. ஆனால் சீட்டை வாங்கிப் பாருங்கள், விலை ரூபாயில் அச்சடித்திருக்கும், எந்தப் பரிசு எவ்வளவு என்பதும் இருக்கும். இந்த அளவு நேர்மைகூட எங்கள் காயினுக்குக் கிடையாது.

அதனால்தான் இந்தச் செயலிகளைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில், பாலியல் தொழிலுக்கு ஆள் கடத்துவதைத் தடுப்பதற்கென்று, பயனர் போடும் பதிவுக்குத் தளத்தையும் பொறுப்பாக்கும் ஃபோஸ்டா என்ற சட்டம் வந்தது. அது நாடாளுமன்றத்தில் தேறியவுடனே மார்ச்சிலேயே கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம் தன் துணை தேடும் பகுதியை மூடிவிட்டது. தளம் மூடினால் தேவை மூடுவதில்லை. பெண்கள் முன்பின் தெரியாத ஆளோடு, முறையிட ஒரு பொத்தான்கூட இல்லாத இடத்தில் போய் நிற்க வேண்டியதாகிறது. எங்கள் செயலியிலும் நன்றாக இருக்கிற ஒரே விஷயம் அந்தப் பொத்தான்தான். கெட்ட வார்த்தை பேசியவரைப் புகார் செய்தால் பெரும்பாலும் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். என் போன் நம்பர் அவருக்குத் தெரியாது. சொந்தப் போனில் பேசுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையவழி கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள். ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் சட்டமே போட்டன. சோறு கொண்டு வருகிற பையனையும் வண்டி ஓட்டுகிறவரையும் நினைத்துப் போட்ட சட்டங்கள் இவை, அது நல்லதுதான். ராத்திரியில் குரலை விற்கிறவளை யாரும் நினைக்கவில்லை. அவள் சங்கம் வைக்க முன்வரவும் மாட்டாள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தின் மேல்தான் நூறில் இருபத்து நாலு என்ற கூலி நிற்கிறது. தைரியமாகக் கேட்க ஆள் வந்தால் அது நாற்பதாகும்.

பேசுகிறவர்களில் கல்யாணம் ஆனவர்கள்தான் அதிகம். அவர்கள் வீட்டுப் பெண்களை நினைத்து எனக்கு உறுத்தல் உண்டு. கல்யாணத்துக்கு வெளியே உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அந்த வழக்கைப் போட்டவர் ஒரு மலையாளி. அதோடு இது வெறும் பேச்சு, குற்றம் என்ற கேள்வியே இல்லை. ஆனால் பிள்ளையின் ஃபீஸ் காயினாகிறது என்றால் அது மனைவிக்குத் தெரிய வேண்டிய விஷயம். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் கட்ட முடியாது என்று ஒரு உச்சவரம்பைச் செயலியே வைக்கலாம். நான் மூன்று தடவை எழுதிக் கேட்டேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று தானாக வருகிற பதில் மட்டும் வந்தது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். புகார் பொத்தானுக்கு ஒன்று, வாரம் தவறாமல் பணம் வந்ததற்கு ஒன்று. விலையை ரூபாயில் காட்டி, என் பங்கை அவர் திரையிலும் அவர் கட்டியதை என் திரையிலும் போட்டு, வீடியோவின் ஆறு மடங்கைக் குறைத்து, அழைப்பின் நீளத்தை வைத்து வரிசை போடுவதை நிறுத்தினால் நாலு கொடுப்பேன். இதில் எதற்கும் புது தொழில்நுட்பம் வேண்டாம்.

சேர நினைக்கிற பெண்களுக்குச் சில வார்த்தை. ஏஜென்சி வழியாகப் போகாதீர்கள், செயலியில் நேராகச் சேர முடியுமா என்று பாருங்கள். ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படம் எத்தனை போனில் இருக்கிறது என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. வங்கிக் கணக்கைத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், பிள்ளை படிக்கும் பள்ளி, கடைப் பெயர் எதையும் சொல்லாதீர்கள். வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், நாற்பதுக்கும் அழைப்பு வருகிறது. யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறேன், பணம் அனுப்பு என்று மிரட்டினால் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம், 1930-க்கு உடனே போன் பண்ணுங்கள்; சைபர் குற்றத்துக்கான தேசிய எண் அது, எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம். மிரட்டிய செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. எதிரில் பேசுகிறவளிடம், “இதில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது?” என்று முதல் நிமிஷத்திலேயே கேட்டுவிடுங்கள். உண்மையைச் சொல்கிறவளோடு பேசுங்கள், சொல்லி வைத்த நேரத்தில் முடியுங்கள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொன்னால் வைத்துவிடுங்கள்.

விலகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கணக்கை மூடுவதற்கு முன்னால் சேர்ந்திருக்கிற பணத்தை எடுத்துவிடுங்கள். ஐந்நூறுக்குக் குறைவாக இருந்தால் இன்னும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஐந்நூறாக்கி, பணம் வங்கிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மூடுங்கள். மூடிய கணக்கில் இருந்த 380 ரூபாய் என் அண்ணன் மகளுக்கு இன்றுவரை வரவில்லை.